கொட்டாஞ்சேனையில் எட்டாவது மாதம்

கிறிஸ்தவ ஊழியத்துக்கென்று நாகர்கோவிலை விட்டு வந்து எட்டு மாதம் ஆகிறது. கொழும்பில் தமிழ் இருக்கிறதே, சமாளித்துவிடலாம் என்று நினைத்தேன். முதல் நாளே கடையில் பிரெட் கேட்டேன். "இந்தியாவா தம்பி? இங்க பாண் எண்டு கேளுங்கோ" என்று சிரித்தார் அந்த அக்கா. இப்போது 'ஒரு றாத்தல் பாண்' என்று சரியாகவே கேட்கிறேன். சிங்களம்தான் இன்னும் தடுமாற்றம்.

இன்று செவ்வாய். கொச்சிக்கடை அந்தோனியார் கோவிலில் வழக்கம்போலக் கூட்டம். இந்துக்களும் பௌத்தர்களும்கூட வருவார்கள். 2019 உயிர்த்த ஞாயிறு அன்று குண்டு வெடித்த இடம் இது. நானோ மெழுகுவர்த்தி ஏற்றாத சபைக்காரன். பக்கத்தில் நின்ற பொட்டு வைத்த அம்மா, "இந்தாங்கோ தம்பி" என்று ஒரு மெழுகுவர்த்தியை நீட்டினார். கையிலிருந்த துண்டுப்பிரதிகளைப் பைக்குள் திணித்துவிட்டு வாங்கிக்கொண்டேன்.