ரயில்காரர்கள் வைத்த மணி

1883 நவம்பர் 18, ஞாயிற்றுக்கிழமை. நியூயார்க்கில் கடிகாரங்களை ஏறக்குறைய நாலு நிமிடம் பின்னுக்குத் தள்ளி வைத்தார்கள். அதுவரை அமெரிக்காவில் ஊருக்கு ஊர் வேறு மணி. சூரியன் உச்சிக்கு வந்தால் அந்த ஊருக்கு மதியம் பன்னிரண்டு, அவ்வளவுதான். குதிரை வண்டிக்கு அது போதும். ரயிலுக்கு? ரயில் கம்பெனிகள் ஆளாளுக்கு ஒரு நேரம் வைத்துக்கொண்டு வண்டி ஓட்டியதில், பஃபலோ ஸ்டேஷனில் மூன்று கடிகாரங்கள் தொங்கின. பயணி எதைப் பார்ப்பான், பாவம்!

கடைசியில் ரயில் கம்பெனிகளே கூடிப் பேசி, நாட்டை நேர மண்டலங்களாகப் பிரித்து (ஒரு மண்டலம் முழுக்க ஒரே மணி), தந்திக் கம்பி வழியாகச் சரியான நேரத்தை அனுப்பிவிட்டன. அரசாங்கத்தின் உத்தரவுக்கெல்லாம் காத்திருக்கவில்லை. அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் இதற்குச் சட்டம் போட்டதே 1918இல்தான்! அப்புறம் இந்த டெட்ராய்ட் நகரம் இருக்கிறதே, அது மட்டும் பல வருஷம் பழைய சூரிய நேரத்தை விடமாட்டேன் என்று முரண்டு பிடித்தது.