ஐந்து முறை இரட்சிக்கப்பட்டவள்

15 வயது முடிவதற்குள் நான் ஐந்து முறை இரட்சிக்கப்பட்டிருந்தேன். வேடிக்கைக்குச் சொல்லவில்லை. எங்கள் சபையின் ஒவ்வொரு வாலிபர் முகாமிலும் கடைசி நாள் இரவு விளக்கைக் குறைத்துவிட்டு, கீபோர்டு மெல்ல ஓடிக்கொண்டிருக்க, "இன்றிரவே மரித்துப்போனால் எங்கே இருப்பாய்?" என்று கேட்பார்கள். எல்லோரும் கண்ணை மூடிக்கொள்ள வேண்டும், நிச்சயமில்லாதவர்கள் மட்டும் கையைத் தூக்க வேண்டும். நான் தூக்குவேன். அழுவேன், ஜெபிப்பேன், உள்ளே ஏதோ இளகி லேசாகிவிடும். அந்த லேசு இரண்டு வாரம், மிஞ்சிப்போனால் மூன்று வாரம் தாங்கும். அப்புறம் ஒரு ராத்திரி தூக்கம் வராமல் புரளும்போது, அன்றைக்கு அந்த ஜெபத்தை நிஜமாகவே மனசாரச் சொன்னோமா என்ற கேள்வி வந்து உட்கார்ந்துகொள்ளும். அடுத்த முகாமில் மறுபடியும் கை.

நான் தேடியதற்குச் சபையில் ஒரு பெயர் உண்டு, இரட்சிப்பின் நிச்சயம்: தேவன் என்னை மீட்டுவிட்டார், மரித்தால் அவரிடம்தான் போவேன் என்ற உறுதி. விசுவாசம் என்ன என்று சொல்லும் பைபிளின் எபிரெயர் 11:1 எங்களுக்கு மனப்பாட வசனம். "காணப்படாதவைகளின் நிச்சயமுமாயிருக்கிறது" என்று ஒரே மூச்சில் ஒப்பித்துப் பரிசும் வாங்கியிருக்கிறேன். ஒப்பிக்க வந்த அந்தச் சொல் வயிற்றுக்குள் எப்படி இருக்க வேண்டும் என்பதுதான் தெரியவில்லை. பாடல் உச்சத்துக்குப் போகும்போது வரும் சிலிர்ப்புதான் நிச்சயம் என்று நினைத்துக்கொண்டேன். சிலிர்ப்பு இருந்தால் தேவன் இருக்கிறார், இல்லாவிட்டால் நான் பின்மாற்றக்காரி, விசுவாசத்தை விட்டு விலகிப்போனவள்.

இப்போது வாலிபர் கூட்டத்தில் பின்வரிசையில் உட்கார்ந்து பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு எனக்கு. போன முறை 16 வயதுப் பெண் ஒருத்தி கூட்டம் முடிந்ததும் வந்து, "அக்கா, எல்லாருக்கும் வருது, எனக்கு மட்டும் ஒண்ணுமே வரலை. நானும் சும்மா கண்ணைத் துடைச்சுக்கிட்டேன்" என்றாள். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. நடிக்கிறாளே என்று இல்லை, இந்த வாக்கியத்தை இத்தனை வருடம் நான் யாரிடமும் சொல்லவில்லையே என்று.

ஜேம்ஸ் ஃபவுலர் என்ற அமெரிக்க இறையியலாளர் 1981-இல் விசுவாச வளர்ச்சியைப் படிநிலைகளாகப் பிரித்து எழுதினார். பதின்ம வயதுக்கு அவர் வைத்த கட்டத்தில், நமக்கு முக்கியமானவர்கள் எதை நம்புகிறார்களோ, நம்மைப் பற்றி என்ன நினைக்கிறார்களோ, அதிலிருந்துதான் நம் விசுவாசமும் உருவம் எடுக்கிறது. படித்தபோது கொஞ்சம் கோபம் வந்தது, என் கண்ணீரெல்லாம் பக்கத்தில் இருந்த தோழியைப் பார்த்து வந்ததா என்று. ஆனால் யோசித்தால் சரிதான். தனியாக அறையில் இருக்கும்போது எனக்கு வராத நிச்சயம், நூறு பேர் சேர்ந்து பாடும்போது வந்தது. அதைப் பொய் என்று நான் சொல்ல மாட்டேன். நூறு பேரின் நிச்சயத்தில் என் பங்கு எது என்று பிரித்துப் பார்க்க அந்த வயதில் தெரியவில்லை, அவ்வளவுதான்.

சாட்சி சொல்வது, அதாவது தேவன் நம்மை எப்படி மாற்றினார் என்று எல்லோர் முன்னும் சொல்வது, இன்னொரு கூத்து. முன்பு இருளில் இருந்தேன், இப்போது வெளிச்சத்தில் இருக்கிறேன் என்ற அச்சுக்குள் எல்லோரும் பொருந்த வேண்டும். பிறந்ததிலிருந்து ஞாயிறு தவறாமல் வந்த 14 வயதுப் பையன் இருளுக்கு எங்கே போவான்? ஒருவன் அம்மாவிடம் பொய் சொல்லிவிட்டு வீடியோ கேம் ஆடியதைப் பெரும் பாவ வாழ்க்கையாக விவரித்தான், பாவம், குரல் நடுங்கியது.

எங்களுக்கு யாரும் சொல்லாத விஷயம், இந்த நிச்சயத்தைப் பற்றிச் சபைகளுக்குள்ளேயே ஒத்த கருத்து கிடையாது என்பது. தான் கிருபை பெற்றுவிட்டதைத் தவறவே முடியாத விசுவாச நிச்சயத்தோடு யாரும் அறிய முடியாது என்று 1547-இல் கத்தோலிக்க ஆயர்கள் கூடிய திரெந்து சங்கம் எழுதிவைத்தது. கத்தோலிக்கரிலிருந்து பிரிந்த புராட்டஸ்டண்டுகளில் சீர்திருத்த சபையார் முடியும் என்றார்கள். ஆனால் அவர்களுடைய 1646-ஆம் வருட வெஸ்ட்மின்ஸ்டர் விசுவாச அறிக்கையே, மெய்யான விசுவாசிகூட அந்த நிச்சயம் கிடைக்க நெடுங்காலம் காத்திருந்து போராட வேண்டியிருக்கலாம் என்று ஒத்துக்கொள்கிறது. நெடுங்காலம்! எங்களுக்கு ஒரு பாட்டு முடிவதற்குள் வேண்டியிருந்தது.

மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லியின் கதையையாவது முழுசாகச் சொல்லியிருக்கலாம். 1738 மே 24, லண்டன் ஆல்டர்ஸ்கேட் தெருக் கூட்டத்தில் அவர் இருதயம் அனலானது, நிச்சயம் வந்தது. இதை எல்லா முகாமிலும் சொல்வார்கள். அப்போதே அவர் பத்து வருடமாகக் குருவானவர் என்பதைச் சொல்ல மாட்டார்கள். அடுத்த ஜனவரியிலேயே, நான் இப்போது கிறிஸ்தவனே இல்லை என்று தன் நாட்குறிப்பில் எழுதினார் என்பதையும் சொல்ல மாட்டார்கள். அந்த இரண்டாவது பாதியை எனக்கு 13 வயதில் யாராவது சொல்லியிருந்தால் மூன்று முகாமிலாவது கை வலிக்காமல் இருந்திருக்கும்.

அமைதியாக, ஆட்டமே இல்லாமல் நம்புகிற பிள்ளைகளும் இருக்கிறார்கள். அவர்களைக் கேட்டால் "தெரியல, எப்பவும் இப்படித்தான்" என்பார்கள். மேடைக்கு அவர்கள் உதவ மாட்டார்கள், அதனால் யாரும் கூப்பிடுவதில்லை.

அந்தப் பெண்ணிடம் மாற்கு 9:24-ஐக் காட்டினேன். "விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்" என்று நோயுற்ற மகனைக் கொண்டுவந்த ஒரு தகப்பன் இயேசுவிடம் அழுகிறான். இயேசு அவனைத் திட்டவில்லை, நிச்சயம் வந்ததும் வா என்று அனுப்பவும் இல்லை, பையனைக் குணமாக்கினார். அவள் இரண்டு முறை படித்துவிட்டு, "அப்போ நாளைக்குக் கை தூக்கவா, வேண்டாமாக்கா?" என்றாள். எனக்கும் தெரியவில்லை, உனக்குத் தோன்றினால் தூக்கு என்றேன்.

மறுநாள் எல்லோரையும் கண்ணை மூடச் சொன்னபோது நான் மூடவில்லை. அவள் கை மடியிலேயே இருந்தது. இரண்டு வரிசை முன்னால், போன வருடமும் அதற்கு முந்தின வருடமும் தூக்கிய பையன் மறுபடி தூக்கினான்.