கரண்ட் போனால் டோக்கனும் போகும்

கையில் டிக்கெட் இருக்கிறது, ஆனால் கோப்புகளைத் திறக்க விடமாட்டேன் என்கிறது தூரத்து சர்வர். மூன்று நாள் இதோடு மல்லுக்கட்டினேன்.

வேலை ஐரோப்பாவில் ஒரு பல்கலைக்கழகத்துக்கு, நான் இருப்பது திருகோணமலை உவர்மலையில். அங்கே தரவுகள் எல்லாம் ஏஎஃப்எஸ்ஸில், அதாவது நெட்வொர்க் வழியாகப் பகிரும் கோப்பு அமைப்பில். கணக்கு திறந்ததும் பாஸ்வேர்ட் இல்லாமல் அந்த சர்வருக்குள் நுழைய எஸ்எஸ்எச் சாவியைப் பதிந்ததும் பத்து நிமிட வேலை. சாவியால் நுழைந்து, டிக்கெட் வாங்கும் ‘கேஇனிட்’ கட்டளையை அடித்தேன், டிக்கெட்டுகளைப் பட்டியலிடும் ‘கேலிஸ்ட்’ அதைக் காட்டியது. கோப்பைத் திறந்தால் ‘பெர்மிஷன் டினைட்’, அனுமதி இல்லையாம்.

உதவி மையத்துக்கு எழுதினேன். அங்கே காலை ஒன்பது மணி என்றால் இங்கே பன்னிரண்டரை. காத்திருந்து கிடைத்த பதில், பாஸ்வேர்டை மாற்றிப் பாருங்கள் என்பதுதான். மாற்றினேன், அதே பூட்டு. கூட வேலை செய்யும் அண்ணா ஒருவர்தான் கேட்டார்: “தம்பி, ‘டோக்கன்ஸ்’ அடிச்சுப் பாத்தீரா?” அடித்தேன். ஒரு டோக்கனும் இல்லாத பட்டியல். நான் யார் என்று நிரூபிக்கும் கெர்பரோஸ் டிக்கெட் வேறு, கோப்புகளைத் திறக்கக் காட்டும் ஏஎஃப்எஸ் டோக்கன் வேறாம். டிக்கெட்டைக் காட்டி ‘ஏக்லாக்’ அடித்தால்தான் டோக்கன். பாஸ்வேர்டால் நுழைந்தால் அந்த சர்வர் இரண்டையும் தானே தந்துவிடும். இதை முதல் நாளே ஒரு வரியில் சொல்லியிருக்கலாம்!

சரி, பாஸ்வேர்டால் நுழைந்து, தொடர்பு அறுந்தாலும் வேலையை ஓடவைக்கும் டிமக்ஸில் இரவு வேலையை ஓடவிட்டேன். எட்டு மணிக்குக் கரண்ட் போனது, ரவுட்டரும் செத்தது. வந்ததும் திரும்ப நுழைந்தேன், ‘டோக்கன்ஸ்’ புது டோக்கனைக் காட்டியது, நிம்மதியாகப் படுத்தேன். காலையில் வேலையின் பதிவு (லாக்) முழுக்க அதே ‘பெர்மிஷன் டினைட்’. அந்தப் புது டோக்கன் புது செஷனுக்கு, அதாவது புதிதாக நுழைந்த அந்தத் தடவைக்கு, மட்டும் உரியது. தொடர்பு அறுந்த பழைய செஷனை மூடும்போது, அதற்குக் கொடுத்த டோக்கனையும் சர்வர் பிடுங்கிக்கொண்டது. டிமக்ஸ் உயிரோடுதான் இருந்தது, கையில்தான் ஒன்றுமில்லை.

இப்போது ‘கேஇனிட் -ஆர் 7டி’ (kinit -r 7d) அடித்து, ஏழு நாள் வரை புதுப்பிக்கக்கூடிய டிக்கெட் வாங்குகிறேன். அப்புறம் டிமக்ஸுக்குள் வேலையை ‘கேரென்யூ -டி -கே 60’ (krenew -t -K 60) மூலம் தொடங்குகிறேன். அது தனக்கென்று டிக்கெட் நகலும் தனி டோக்கனும் வைத்துக்கொண்டு, மணிக்கொரு தடவை பார்த்துப் புதுப்பிக்கும். ஒன்று கவனம்: டிக்கெட்டின் ஆயுள்தான் டோக்கனின் ஆயுள். பழைய டிக்கெட்டை வைத்துக்கொண்டு எத்தனை தடவை ‘ஏக்லாக்’ அடித்தாலும் ஆயுள் ஒரு நிமிடம்கூட நீளாது.

நேற்று இரவு இரண்டு தடவை கரண்ட் போனது. நான் எழும்பவே இல்லை. காலையில் கோப்புகள் எல்லாம் இருந்த இடத்தில் இருந்தன.