அடிபட்ட காசு வேற, எரர் காசு வேறங்க

இன்பாக்ஸ்ல காசு போட்டோ அனுப்புற பங்காளிக எல்லாருக்கும் சேர்த்து இங்கயே சொல்லிடறேனுங்க. நாணயச்சாலையில தயாரிக்கறப்பவே தப்பாப் போனதுதான் எரர் காசு, வெளிய வந்தப்புறம் கெட்டது அடிபட்ட காசு. நீங்க அனுப்பறதுல முக்காவாசி வெறும் அடிபட்ட காசுதான். திருப்பூர்ல ஒருத்தரு நிறம் மாறுன பத்து ரூபாயைப் பொட்டலங்கட்டி வெச்சிருக்காரு. சாயப்பட்டறையில ஆசிட் பட்ட காசுங்க அது!

ஓரம் பிறையாட்டம் வெட்டுப்பட்டதுதான் ஆளை ஏமாத்தும். நாணயச்சாலையில தகட்டுல வில்லை வெட்டறப்ப, முன்னாடி வெட்டுன ஓட்டை மேலயே விழுந்துட்டா அந்த வளைவு வரும். அப்புறம்தான் அச்சு அடிக்கறாங்க. அதனால வெட்டுக்கு நேர் எதிர்ப்பக்க விளிம்பு பெரும்பாலும் மழுங்கலா இருக்கும். அரத்துல ராவுன காசுல எதிர்ப்பக்கம் ஜம்முனு இருக்கும், லென்ஸ் வெச்சா அரக்கோடும் தெரியும்.

ஒரே படம் மறுபக்கமும் தலைகீழ்க் கண்ணாடிப் பிம்பமா, குழிவாப் பதிஞ்சிருந்தா விட்றாதீங்க. முந்தின காசு அச்சுலயே ஒட்டிக்கிட்டா அப்படி வரும். ஆனா ரெண்டு காசை வைஸ்ல, அதாவது பட்டறை இடுக்கியில, நெரிச்சும் பண்றாங்க. அதுல அடியில பழைய எழுத்து நசுங்கிக் கிடக்கும்.

அப்புறம் இந்த 'வருசத்துக்குக் கீழ குறியே இல்ல, எரர்'ங்கற யாவாரம். அந்தக் குறி எந்த ஊரு நாணயச்சாலையில அடிச்சதுன்னு காட்டறதுங்க. கொல்கத்தா காசுக்குக் குறியே கெடையாதுங்க சாமி! மும்பைக்கு டைமண்ட், ஹைதராபாத்துக்கு நட்சத்திரம், நொய்டாவுக்குப் புள்ளி.

இன்னொண்ணு, புளி போட்டுத் தேய்ச்சுட்டுப் போட்டோ அனுப்பாதீங்க. நெசமான எரரா இருந்தாலும் வெலை போயிரும்.