சாயங்காலத்துக்குக் கொடுத்த வாக்கு

பேட்டரி வருவதற்கு முன்னால் எங்கள் சோலார் பிளான்ட் யாருக்கும் எந்த வாக்கும் கொடுத்ததில்லை. வெயில் அடித்தால் கொடுப்போம், மேகம் வந்தால் குறையும், பொழுது சாய்ந்தால் ஸ்கிரீனில் பூஜ்யம், அப்புறம் லாக் புக்கை எழுதி வைத்துவிட்டு வண்டி ஏறிவிடலாம். எந்த மின் நிலையம் எப்போது எவ்வளவு தர வேண்டும் என்று பார்த்துக்கொள்கிற லோட் டெஸ்பாட்ச் சென்டரும் எங்களிடம் அதற்கு மேல் எதையும் எதிர்பார்க்கவில்லை. பிறகு ஒருநாள் சப்ஸ்டேஷனுக்குப் பின்னால் இருந்த வெறும் மணல்வெளியில் பேட்டரி அடுக்கிய வெள்ளை கன்டெய்னர்களை வரிசையாக இறக்க ஆரம்பித்தார்கள். அன்றிலிருந்து எங்கள் ஷிப்ட் நேரம், நாங்கள் பேசிக்கொள்ளும் விஷயம், ராத்திரி எதை நினைத்துத் தூக்கம் கெடுகிறது என்பது வரைக்கும் எல்லாமே மாறிப்போனது. இப்போதெல்லாம் முந்தின நாளே சொல்லிவிடுகிறோம்: நாளைக்கு சூரியன் மறைந்த பிறகு நாலு மணி நேரம், இத்தனை மெகாவாட், குறையாமல் தருகிறோம் என்று.

அந்த "குறையாமல்" என்ற வார்த்தையின் கனம் ஒரு மணல் புயலுக்குப் பிறகுதான் எனக்கு உறைத்தது. அதை எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் பாலைவனத்துக் கரன்ட்டைப் பற்றி ஒன்றிரண்டு விஷயம் சொல்லாமல் அதைச் சொன்னால் விளங்காது.

பாலைவனத்தில் சோலார் என்றதும் எல்லோரும் சொல்வது, "அங்கேதான் வெயில் கொளுத்துமே, பிறகென்ன கவலை" என்பது. கொளுத்துவது நிஜம். ஆனால் பேனலுக்கு வேண்டியது வெளிச்சம் மட்டும்தான், சூடு அதற்கு ஆகாது. பேனலுக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் லேபிளில் போட்டிருக்கிற வாட் கணக்கு, சதுர மீட்டருக்கு 1000 வாட் வெளிச்சமும் செல்லின் சூடு 25 டிகிரியும் இருக்கும்போது எடுத்தது. கோடை மத்தியானத்தில் எங்கள் செல்கள் 65 டிகிரியைத் தொடும். 25-க்கு மேல் ஏறும் ஒவ்வொரு டிகிரிக்கும் உற்பத்தி சுமார் 0.3 சதவீதம் குறையும் என்று வைத்துக்கொண்டால் 40 டிகிரிக்கு 12 சதவீதம் அப்படியே போய்விடுகிறது. எங்களுக்கு நல்ல நாள் என்றால் அது குளிர்காலத்தில், லேசாகக் காற்று வீசுகிற, தூசி அடங்கின ஒரு மத்தியானம்தான். முதல் வருடம் வேலைக்கு வரும் பிள்ளைகள் இதை நம்பவே மாட்டார்கள், கிராஃபைக் காட்டினால்தான் நம்புவார்கள்.

பேட்டரி இன்னும் மோசம். எங்களிடம் இருப்பது லித்தியம் அயர்ன் பாஸ்பேட் செல்கள். ஒரு செல் 3.2 வோல்ட், 314 ஆம்பியர்-ஹவர். அப்படி 416 செல்லைத் தொடராகக் கோத்தால் ஒரு ரேக், 12 ரேக் சேர்ந்தால் ஒரு கன்டெய்னர், அதாவது 5 மெகாவாட்-ஹவர் சொச்சம். எங்கள் சைட்டில் அப்படி 80 கன்டெய்னர், கணக்குப் போட்டால் ஏறக்குறைய 4 லட்சம் செல்கள். இவை எல்லாம் 25 டிகிரி பக்கத்தில் இருக்கத்தான் விரும்பும். வெளியில் 48 டிகிரி. அதனால் ஒவ்வொரு கன்டெய்னருக்கும் சில்லர் என்கிற ஒரு குளிரூட்டும் இயந்திரம், செல்களுக்கு அடியில் இருக்கும் தட்டுகளில் கிளைக்கால் (glycol) என்ற குளிரூட்டித் திரவம் கலந்த தண்ணீர் ஓடும். பேட்டரியை சார்ஜ் செய்வதும் மத்தியானத்தில்தான், சில்லர் அதிகம் உழைப்பதும் அதே மத்தியானத்தில்தான். நாம் சேமிக்கிற மின்சாரத்தில் ஒரு பங்கை அதைக் குளிர வைக்கவே செலவழிக்கிறோம். கரன்ட் உள்ளே போய்த் திரும்பி வரும்போது ஏற்படும் இழப்பும் இதோடு சேரும். உள்ளே 100 யூனிட் போனால் 85-ஐ ஒட்டித்தான் கிரிட்டுக்கு, அதாவது பொது மின் கட்டமைப்புக்கு, திரும்பி வரும். இதை யாரும் நஷ்டமாகப் பார்ப்பதில்லை. மத்தியானம் தேவைக்கு மேல் கிடக்கிற 100-ஐ விட, எல்லா வீட்டிலும் விளக்குப் போடுகிற நேரத்தில் கிடைக்கிற 85-க்குத்தான் மதிப்பு.

கலிபோர்னியாவின் கிரிட்டை நடத்துகிறவர்கள் 2013-லேயே இதைப் படம் போட்டுக் காட்டினார்கள். பகலில் சோலார் ஏற ஏற மற்ற மின் நிலையங்களின் மேல் விழும் சுமை நடுவில் வயிறு மாதிரித் தொங்கும், சாயங்காலம் கழுத்து மாதிரிச் சட்டென்று மேலே ஏறும். பார்க்க வாத்து மாதிரி இருந்ததால் அதற்கு வாத்து வளைவு என்றே பெயர் வந்துவிட்டது. அந்தக் கழுத்து ஏறுகிற இரண்டு மூன்று மணி நேரத்தைத் தாங்கத்தான் எங்கள் கன்டெய்னர்கள். இப்போது அதையும் தாண்டிப் போகிறார்கள். 2025 ஜனவரியில் அபுதாபியில் அறிவித்த திட்டத்தில் 5.2 ஜிகாவாட் சோலாரும் 19 ஜிகாவாட்-ஹவர் பேட்டரியும் சேர்த்து, ராத்திரி பகல் பாராமல் 1 ஜிகாவாட் தருவோம் என்றார்கள். அதைப் படித்தபோது எனக்கு முதலில் தோன்றியது, அத்தனை பேனலையும் துடைக்கப் போகிறவர்களைப் பற்றித்தான்.

சரி, புயலுக்கு வருகிறேன்.

அன்று சாயங்காலம் காற்று ஏறியதும், பேனல்களைச் சூரியன் பக்கம் திருப்புகிற ட்ராக்கர்கள் எல்லாம் தானாகவே ஸ்டோவுக்கு, அதாவது பேனல்களைப் படுக்க வைக்கும் பாதுகாப்பு நிலைக்கு, போய்விட்டன. தூசிக்குப் பேனல் செங்குத்தாக நிற்பது நல்லது, மேலே தங்காது. ஆனால் எங்கள் ட்ராக்கர் காற்றுக்குப் படுத்தால்தான் உடையாமல் இருக்கும். காற்றுதான் ஜெயித்தது. ராத்திரி முழுக்கப் படுத்துக் கிடந்த பேனல்கள் மேல் மணலும், மணலை விட மோசமான அந்த மாவு மாதிரித் தூசியும் வந்து இறங்கியது. விடியற்காலையில் காற்று நின்று பனி இறங்கிவிட்டது. ஐந்து மணிக்கு நான் போய் ஒரு பேனலில் விரலால் கோடு போட்டுப் பார்த்தேன், சந்தனம் குழைத்த மாதிரி வழுக்கிக்கொண்டு வந்தது. எட்டு மணிக்கு அதே பேனலைத் தொட்டால், காய்ந்து, நகத்தால் சுரண்டினால்தான் பெயர்ந்தது. எங்கள் ரோபோக்கள் தண்ணீர் இல்லாமல் பிரஷ்ஷால் மட்டும் துடைப்பவை. ஈரத்தில் ஓட்டினால் சேறாகப் பூசிவிடும், காய்ந்த பிறகு ஓட்டினால் பாதிதான் வரும். டேங்கர் வைத்துக் கழுவ ஆரம்பித்தோம், வரிசைக்கு வரிசை, முடியப் பன்னிரண்டு நாள் ஆனது. வானமும் தெளியவில்லை, ஒரு வாரத்துக்கும் மேல் பழுப்பாகவே கிடந்தது.

அதே தூசி, சில்லர்கள் சூட்டை வெளியே விடுகிற கண்டென்சரின் மெல்லிய தகடுகளையும் (துடுப்புகள் என்போம்) அடைத்திருந்தது. மூன்றாம் நாள் மத்தியானம் ஒரு கன்டெய்னரில் கம்ப்ரஸர் ட்ரிப் ஆகி, உள்ளே சூடு ஏறும் அலாரம் வந்தது. எங்கள் மூத்த டெக்னீஷியன், கை தேர்ந்தவர், சாவியை எடுத்துக்கொண்டு நேராகக் கதவுக்குப் போனார். "அண்ணே, கதவைத் தொடாதீங்க, கேஸ் ரீடிங் பார்த்துட்டு அப்புறம் போகலாம்" என்று ரேடியோவில் கத்தினேன். அவருக்குக் கொஞ்சம் வருத்தம்தான். ஆனால் 2019 ஏப்ரலில் அரிசோனாவில் ஒரு பேட்டரி நிலையத்தில் நடந்ததை நான் மறக்க மாட்டேன். செல்கள் சூடேறிக் கக்கிய எரியும் வாயு உள்ளே அடைபட்டுக் கிடந்தது. கதவைத் திறந்த சில நிமிடத்தில் வெடித்தது. நாலு தீயணைப்பு வீரர்களுக்குப் பலத்த காயம். எங்களுடைய அலாரம் வெறும் அடைப்புதான் என்று பிறகு தெரிந்தது, காற்றடித்துத் துடுப்புகளைச் சுத்தம் செய்ததும் சரியாகிவிட்டது. இருந்தாலும் அன்று அவரை நிறுத்தியதில் எனக்கு எந்தச் சங்கடமும் இல்லை.

இந்தப் பன்னிரண்டு நாளும் பேட்டரி ஒருநாள் கூட முழுசாக நிறையவில்லை. 70 சதவீதம், 75 சதவீதம், அவ்வளவுதான். அதற்கேற்ப நாங்களும் தினம் குறைத்துத்தான் வாக்குக் கொடுத்தோம். பதிமூன்றாம் நாள் வானம் கொஞ்சம் வெளுத்தது, சாயங்காலம் ஸ்கிரீனில் 88 சதவீதம் காட்டியது. நாலு மணி நேரத்துக்குப் பதில் மூன்று மணி நேரம் தருகிறோம் என்று சொல்லியிருந்தோம். அதற்கு 75 சதவீதம் போதும், கையில் இன்னும் 13 மிஞ்சும். நிம்மதியாகத்தான் இருந்தோம்.

சூரியன் இறங்கி, சார்ஜ் ஆகிக்கொண்டிருந்த எண் சுருங்கிச் சுருங்கிப் பூஜ்யத்தைத் தொட்டு மறுபக்கம் டிஸ்சார்ஜாக ஏறுகிற அந்தக் கணம் எனக்கு எப்போதும் பிடிக்கும். அன்றும் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு மணி நேரம் நாற்பது நிமிடம் எந்தத் தொந்தரவும் இல்லை. அப்புறம் ஒரு ரேக்கில் செல் வோல்டேஜ் லோ என்று வந்தது, ரேக்கை இணைப்பிலிருந்து துண்டிக்கிற கன்டாக்டர் சுவிட்ச் திறந்துகொண்டது. அதன் சுமை மற்ற ரேக்குகளுக்குப் போனது. இன்னொன்று விழுந்தது, அப்புறம் மூன்று, அப்புறம் ஒரு கன்டெய்னரே. லோட் டெஸ்பாட்ச்சிலிருந்து போன். "உங்க அவுட்புட் இறங்கிட்டே வருதே, எங்க ஸ்கிரீன்ல இன்னும் 21 பர்சென்ட் காட்டுதே சார்?" என்று கேட்டார் அந்தப் பக்கம் இருந்தவர். எங்கள் ஸ்கிரீனிலும் அதே 21தான். என்னிடம் பதில் இல்லை. அவர் கோபப்படவில்லை, "சரி, நாங்க வேற இடத்திலிருந்து எடுத்துக்கறோம்" என்று வைத்துவிட்டார். அதுதான் இன்னும் வலித்தது.

நாலைந்து நாள் டேட்டாவை உட்கார்ந்து பிரித்தபோது புரிந்தது. அந்தச் சதவீதத்தை யாரும் அளப்பதில்லை, கணக்குப் போட்டுத்தான் சொல்கிறார்கள். டேங்கில் தண்ணீர் மட்டத்தைக் குச்சி விட்டுப் பார்க்கிற மாதிரி பேட்டரிக்குள் பார்க்க வழியில்லை. இந்த வகை செல்லின் வோல்டேஜை வைத்தும் கண்டுபிடிக்க முடியாது. கால்வாசி இருக்கும்போதும் முக்கால்வாசிக்கு மேல் இருக்கும்போதும் அது ஏறக்குறைய 3.25-க்கும் 3.35-க்கும் நடுவிலேயே படுத்துக் கிடக்கும். அதனால் உள்ளே போன ஆம்பியரையும் வெளியே வந்த ஆம்பியரையும் கூட்டிக் கழித்துத்தான் சதவீதம் சொல்கிறது. சென்சாரில் இருக்கிற துளிப் பிழை ஒவ்வொரு நாளும் மேலே மேலே சேரும். முழுசாக நிறையும்போது மட்டும் வோல்டேஜ் சட்டென்று மேலே எகிறும். அந்த இடத்தில்தான் கணக்கு தன்னைத் திருத்திக்கொண்டு 100-லிருந்து புதிதாக ஆரம்பிக்கும். செல்களுக்கு நடுவே உள்ள ஏற்றத்தாழ்வைச் சமன் செய்வதும் எங்கள் சிஸ்டத்தில் அந்த உச்சியில்தான் நடக்கிறது. பன்னிரண்டு நாள் உச்சியைத் தொடாததால் இரண்டுமே நடக்கவில்லை. 416 செல் தொடராக இருக்கிற ரேக்கில் ஒரே ஒரு செல் அடி மட்டத்தைத் தொட்டால் போதும், மீதி 415-இல் இருப்பது நமக்கு உதவாது.

ஆக, பேனல் மேல் காய்ந்த தூசிதான் இரண்டு வாரம் கழித்து, கன்டெய்னருக்குள், தூசியே நுழைய முடியாத ஒரு இடத்தில் போய் எங்களைக் கவிழ்த்தது. பேனல் டீம் தனி, பேட்டரி டீம் தனி என்று நாங்கள் பிரித்து வைத்திருந்தோம். துடைக்கிறவர்களுக்குப் பேட்டரியின் சதவீதம் தெரியாது, பேட்டரி பார்க்கிறவர்களுக்கு எந்த வரிசை இன்னும் கழுவவில்லை என்று தெரியாது. அந்தச் சுவரை அன்றைக்கே எடுத்திருக்க வேண்டும், எடுக்க எனக்கு இரண்டு மாதம் ஆனது.

இப்போது வாரத்துக்கு ஒரு பிளாக் (கன்டெய்னர்களின் ஒரு தொகுதி) வீதம் 100 வரை ஏற்றி, செல்கள் சமனாகும் வரை அப்படியே வைத்திருக்கிறோம். திட்டமிடும் பிரிவுக்கு இது பிடிக்கவில்லை. அன்று அந்த பிளாக்கைத் தேவைக்கேற்ப வளைக்க முடியாது, அதோடு முழுசாக நிறைத்து வெயிலில் வைத்திருப்பது செல்லின் ஆயுளுக்கும் நல்லதில்லை என்கிறார்கள். ஆயுளைப் பற்றி அவர்கள் சொல்வது சரிதான், அதனால் முடிந்தவரை சாயங்காலத்துக்குச் சற்று முன்னால் நிறைகிற மாதிரிப் பார்த்துக்கொள்கிறோம், நிறைந்து கொஞ்ச நேரத்திலேயே டிஸ்சார்ஜ் ஆரம்பித்துவிடும். தூசி நாட்கள் நீண்டால் லோட் டெஸ்பாட்ச்சிடம் முன்கூட்டியே பேசி, கிரிட்டிலிருந்து வாங்கியாவது உச்சியைத் தொட்டுவிடுகிறோம்.

ஷிப்ட் லாக் புக்கில் நான் ஒரு புதுக் கட்டம் போட்டேன். ஒவ்வொரு பிளாக்குக்கும் கடைசியாக முழுசாக நிறைந்த தேதி. ஸ்கிரீனில் 88 என்று இருந்தாலும் அந்தத் தேதி பத்து நாளுக்கு முந்தியது என்றால் அதை 88 என்று எடுத்துக்கொள்ள மாட்டோம், குறைத்தே வாக்குக் கொடுப்போம். போன வாரம் மறுபடி வானம் பழுப்பானது. காலையில் கண்ட்ரோல் ரூமுக்குள் நுழைந்ததும் நான் வாய் திறப்பதற்கு முன்பே அந்த மூத்த டெக்னீஷியன் லாக் புக்கைத் திருப்பி என் பக்கம் தள்ளினார். ஏழாவது பிளாக்குக்கு நேரே பென்சிலால் வட்டம் போட்டிருந்தார். "இதுக்கு ஒன்பது நாள் ஆச்சு சார், தெற்கு வரிசையை முதல்ல கழுவச் சொல்லிட்டேன்" என்றார்.