ஜிப்சம் துண்டுகளை ரப்பீஸோடு சேர்த்துக் கொட்டாதீர்கள்

ஃபால்ஸ் சீலிங் வேலை முடிந்த வீட்டில் ஒரு மூலையில் குவிந்து கிடக்கும் வெள்ளை ஜிப்சம் துண்டுகளை யாரும் ஒரு பொருளாகவே மதிப்பதில்லை. பெயின்ட் டப்பா, டீ கப், பார்சல் சாப்பாட்டு இலை, உடைந்த டைல்ஸ் எல்லாம் கலந்த ரப்பீஸோடு சேர்த்து மூட்டை கட்டி, குட்டியானையில் ஏற்றி அனுப்பிவிடுகிறோம். வண்டி எங்கே போகிறது என்று கேட்டால், "எங்கயாவது பள்ளத்துல கொட்டிடுவோம் சார்" என்பார்கள். சென்னைப் புறநகரில் பள்ளம் என்றால் பெரும்பாலும் ஏரிக்கரை, கால்வாய் ஓரம், இல்லையென்றால் யாரோ மேடாக்கி விற்கக் காத்திருக்கும் காலி மனை. இன்டீரியர் வேலை எடுத்துச் செய்பவன் என்பதால் இந்தக் குவியல் எனக்கு நன்றாகப் பழக்கம். கட்டடக் கழிவிலேயே திரும்பப் பயன்படுத்த மிகச் சுலபமான பொருளைத்தான் மிக மோசமான இடத்தில் கொட்டிக்கொண்டிருக்கிறோம் என்பது என் கட்சி.

ஜிப்சம் என்பது கால்சியம் சல்ஃபேட்டும் தண்ணீரும் சேர்ந்த படிகம். அதன் எடையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு தண்ணீர்தான். அதை 150 டிகிரி அளவுக்குச் சூடாக்கினால் அந்தத் தண்ணீரில் முக்கால்வாசி போய்விடும். மிஞ்சும் தூள்தான் நாம் மூட்டையில் வாங்கும் பிளாஸ்டர், பிஓபி (பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ்) எல்லாம். தண்ணீர் ஊற்றிக் குழைத்ததும் சூடாகி இறுகுகிறதே, போன தண்ணீரைத் திரும்ப வாங்கிக்கொண்டு பழையபடி ஜிப்சமாகிறது என்று அர்த்தம். இறுகியதை இடித்துப் பொடியாக்கி மறுபடி சுட்டால் மறுபடி பிளாஸ்டர். இப்படி எத்தனை முறை வேண்டுமானாலும் போய்வரலாம். இறுகிய சிமெண்டை இவ்வளவு எளிதாகத் திருப்ப முடியாது.

ஆனால் சுடாமல் நடக்காது. தொட்டியில் இறுகிய மிச்சத்தைத் தட்டிப் பொடியாக்கி அடுத்த கலவையில் போடும் ஆட்கள் இருக்கிறார்கள். போட்டால் என்ன ஆகும் என்று கை வைத்தவர்களுக்குத் தெரியும், கலவை சுவரில் ஏறும் முன்பே இறுகிவிடும். பழைய துகளைப் பிடித்துக்கொண்டு புதுப் படிகங்கள் வேகமாக வளர்வதுதான் காரணம், அதனால்தான் நல்ல மேஸ்திரி ஒவ்வொரு முறையும் தொட்டியைச் சுரண்டிக் கழுவச் சொல்கிறார்.

சரி, கல்லும் மண்ணும் மாதிரி அதுவும் ஒரு மூலையில் கிடந்துவிட்டுப் போகட்டுமே, என்ன கெட்டுவிடும்? காய்ந்த இடத்தில் தனியாகக் கிடந்தால் பெரிதாக ஒன்றும் ஆகாது. ஈரம் பட்டால்தான் கதை மாறும். ஜிப்சம் தண்ணீரில் கொஞ்சம் கரையும், லிட்டருக்கு இரண்டு கிராமுக்கு மேல். கரைந்த சல்ஃபேட், காற்றுப் புகாத இடத்தில், சாப்பாட்டுக் கழிவு, சாக்கடை, சீலிங் ஜிப்சம் போர்டின் மேல் ஒட்டிய காகிதம் என்று மக்கும் பொருளோடு சேர்ந்தால் அங்கே இருக்கும் ஒருவகை பாக்டீரியாக்கள் சல்ஃபேட்டை ஹைட்ரஜன் சல்ஃபைடாக மாற்றிவிடும். அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும் அதே வாயு. சாக்கடைக்குள் இறங்கிய தொழிலாளிகள் மயங்கி விழுந்து சாகிறார்களே, அந்தச் சாவுகளுக்குக் காரணமாகச் சொல்லப்படும் வாயுக்களில் முக்கியமானது இது. அளவு கூடினால் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது, அதுதான் இதில் பயங்கரம். இப்போது சாக்கடை கலக்கும் ஏரிக்கரையை யோசித்துப் பாருங்கள்: ஈரம், அழுகல், காற்றில்லாத சேறு எல்லாம் ஏற்கெனவே அங்கே தயார். குறைவது சல்ஃபேட் மட்டும்தான், அதை நாம் வண்டி வாடகை கொடுத்து அனுப்பிவைக்கிறோம்.

வேறு நாடுகள் இதைப் பட்டுத்தான் கற்றுக்கொண்டன. கனடாவின் வான்கூவர் வட்டாரத்தில் குப்பை மேட்டில் ஜிப்சம் கொட்டுவதை 1984-லேயே தடை செய்தார்கள். அதையொட்டி அங்கே போர்டை அரைத்துப் பிரிக்கும் தொழிலே உருவானது. ஜப்பானில் ஃபுகுவோகா மாகாணத்தின் சிகுஷினோவில் 1999-ல் தொழிற்கழிவு கொட்டும் இடமொன்றில் இந்த வாயு தாக்கி மூன்று தொழிலாளர்கள் இறந்தார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2003 முடிவுப்படி மக்கும் குப்பை போகும் குழியில் ஜிப்சம் போகக்கூடாது. ஒரு லோடு கழிவில் பத்து சதவீதம் வரை ஜிப்சம் இருந்தால் பரவாயில்லை என்று இங்கிலாந்தில் ஒரு சலுகை இருந்தது, 2009-ல் அதையும் எடுத்துவிட்டார்கள்.

நம் ஊரில் 2016-ம் ஆண்டின் கட்டடக் கழிவு விதிகள் பிரிக்கச் சொன்ன வகைகள்: கான்கிரீட், மண், இரும்பு, மரம், பிளாஸ்டிக், செங்கல், சாந்து. ஜிப்சத்துக்கென்று தனி வரிசை அதில் இருக்கவில்லை. அந்தப் பிரிக்கும் கடமையும் நாளுக்கு 20 டன் அல்லது மாதம் 300 டன் கழிவு போடும் பெரிய வேலைகளுக்குத்தான் இருந்தது. 2026 ஏப்ரல் 1 முதல் என்று அறிவித்த புதிய விதிகளிலும், கழிவுக்குக் கட்டுபவரே பொறுப்பேற்கும் 'உற்பத்தியாளர் பொறுப்பு' 20,000 சதுர மீட்டரும் அதற்கு மேலும் உள்ள திட்டங்களுக்குத்தான். இரண்டு பெட்ரூம் ஃபிளாட்டில் சீலிங் போடும் நானும் நீங்களும் எந்தக் கணக்கிலும் வரமாட்டோம். அப்படிப்பட்ட ஃபிளாட்கள் எத்தனை ஆயிரம் என்பதுதான் விஷயம்.

கட்டட இடிபாட்டை அரைத்து ஜல்லியும் மணலும் எடுக்கும் ஆலைகள் இருக்கின்றனவே, அங்கே போகட்டும் என்று சொல்லலாம். அங்கே ஜிப்சம் வேண்டாத விருந்தாளி. சல்ஃபேட் கலந்த ஜல்லியைச் சிமெண்டோடு சேர்த்தால் உள்ளுக்குள் புதுப் படிகம் வளர்ந்து கான்கிரீட்டை விரிசல் விடவைக்கும். அதே காரணத்துக்காக, பேஸ்மெண்ட் நிரப்ப ரப்பீஸ் அடிக்கும்போது அதில் ஜிப்சம் துண்டு இருந்தால் பொறுக்கி எடுத்துவிடுங்கள். "எல்லாம் உள்ள போனா மண்ணுதான்" என்ற வசனத்தை நம்பாதீர்கள்.

வேடிக்கை என்னவென்றால், ஜிப்சம் வேண்டும் என்று கேட்கிற தொழில்கள் நம் பக்கத்திலேயே இருக்கின்றன. சிமெண்ட் சீக்கிரம் இறுகாமல் இருக்க அரைக்கும்போது மூன்றிலிருந்து ஐந்து சதவீதம் ஜிப்சம் சேர்த்தாக வேண்டும். அரியலூரைச் சுற்றி எத்தனை சிமெண்ட் ஆலைகள்! ஓமனிலிருந்து கப்பலில் ஜிப்சம் வாங்குகிற நாடு இது. போர்டு ஆலைகளும் பழையதைச் சேர்க்கலாம். ஐரோப்பாவில் புதுப் போர்டில் 30 சதவீதம் வரை பழைய ஜிப்சம் போட முடியும் என்று செய்தே காட்டிவிட்டார்கள். இயந்திரமும் பெரிய மர்மமில்லை: ஸ்க்ரூ, ஆணியைக் காந்தத்தால் எடு, நொறுக்கு, சலி, காகிதம் மேலே நிற்கும், தூள் கீழே விழும். நமக்கு இல்லாதது சேகரிக்கும் இடம். ஐந்து மூட்டையை அரியலூருக்கு யார் அனுப்புவார்கள்?

நிலக்கடலை போடும் விவசாயிகளுக்கும் ஜிப்சம் புதிதல்ல. ஹெக்டேருக்கு 400 கிலோ போட்டு மண் அணைப்பது வழக்கமான பரிந்துரை, காய் திரள்வதற்குச் சுண்ணாம்புச் சத்தும் கந்தகமும் கிடைக்கும். களர் நிலத்தைத் திருத்தவும் இதுதான். உடனே சீலிங் துண்டுகளை வயலில் கொட்டலாமா என்று கேட்காதீர்கள். பெயின்ட் அடித்தது, ஈரம் தாங்கும் பச்சைப் போர்டு, எந்த ஆண்டு எங்கே இருந்ததென்றே தெரியாத இடிபாடு, இவை வேண்டவே வேண்டாம். பெயின்ட் படாத, சுவருக்கு அடிக்கும்போது கீழே விழுந்து இறுகிய வெறும் பிளாஸ்டரை யோசிக்கலாம், அதுவும் வேளாண் அலுவலரிடம் கேட்டுவிட்டு.

என் சைட்டில் இப்போது செய்வது ரொம்பச் சாதாரணமான வேலை. பிளாஸ்டர் தூள் வந்த காலி மூட்டைகளைத் தூக்கிப் போடாமல் வைத்துக்கொண்டு, வெட்டுத் துண்டுகளை அதிலேயே போட்டுக் கூரைக்குக் கீழே வைக்கிறோம். மழையில் நனையக் கூடாது, டீ கப் விழக்கூடாது, இரண்டே சட்டம். சீலிங்கைத் தாங்கும் ஜிஐ சேனல் என்ற இரும்புச் சட்டத்தின் மிச்சம் பழைய இரும்புக் கடைக்குப் போய்விடும், அதற்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பெரிய துண்டுகளை எலக்ட்ரீஷியன் அப்புறம் திறந்து பார்க்க வேண்டிய மூடிகளுக்கும் ஒட்டு வேலைக்கும் எடுத்து வைக்கிறோம். ஆறுக்கு நாலு போர்டு எந்தப் பக்கம் ஓடினால் வெட்டு குறையும் என்று டிசைன் வரையும்போதே பார்த்துவிட்டால் கழிவே கணிசமாகக் குறைகிறது. சீலிங்கில் ஏழெட்டு வளைவு கேட்கும் வீட்டுக்காரர்களிடம் இதைச் சொல்லிப் பார்த்திருக்கிறேன், பலன் பாதிதான்.

காய்ந்த மூட்டைகள் பத்துப் பதினைந்து சேர்ந்தால் வாங்கிக்கொள்ள ஆளைத் தேடலாம், நனைந்து குப்பையோடு கலந்துவிட்டால் யாரும் தொடமாட்டார்கள். நீங்கள் வீட்டு வேலை கொடுப்பவராக இருந்தால் கொட்டேஷனில் ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள்: ஜிப்சம் கழிவு தனி மூட்டையில், உலர்வாக, ரப்பீஸோடு சேராமல். கான்ட்ராக்டர் அதற்குத் தனியாகக் கூலி கேட்டால் கொஞ்சம் கொடுங்கள். ஒரு ஆளுக்கு அரை நாள் வேலைகூட இல்லை அது, ரொம்பக் கேட்டால் பேரம் பேசலாம்.