ஈர மண்ணில் வாடிய அக்லோனிமா

வீட்டில் வளர்க்கும் அழகுச் செடியான அக்லோனிமாவின் இலைகள் தொங்கத் தொடங்கியபோது அதற்குத் தாகம் என்று எண்ணித் தண்ணீர் ஊற்றினேன், மறுநாளும் ஊற்றினேன். நான்காம் நாள் செடியைத் தொட்டியிலிருந்து எடுத்து வேரை மெல்ல இழுத்தபோது, பழுப்பேறிய மேல்தோல் விரலோடு உரிந்து வந்துவிட, நடுவில் நூல் போன்ற இழை மட்டுமே எஞ்சியது. பித்தியம் என்னும் நுண்ணுயிரியால் வரும் வேரழுகலில் இப்படித்தான் நிகழும். மண் ஈரமாக இருந்தும் செடி வாடுகிறது என்றால், பெரும்பாலும் நீரை உறிஞ்ச நல்ல வேர் இல்லை என்று பொருள். அந்நிலையில் ஊற்றும் ஒவ்வொரு குவளை நீரும், நீரில் நீந்திப் பரவும் பித்தியத்தின் வித்துகளுக்கே உதவுகிறது.

அதன்பின் எந்தச் செடி நலிந்தாலும் முதலில் வேரையே பார்க்கிறேன். வேர் வெண்மையாகவும் உறுதியாகவும் இருந்தால் மட்டுமே இலைக்கு வருவேன். இலையை வெளிச்சத்துக்கு எதிரே பிடிக்கும்போது, நீர் ஊறியது போன்ற புள்ளியும் அதைச் சுற்றி மஞ்சள் வளையமும் தெரிந்தால் பாக்டீரியாவைச் சந்தேகிக்கலாம்; உலர்ந்த புள்ளியில் வட்டத்துக்குள் வட்டமும், உருப்பெருக்கியில் கரும்புள்ளிகளும் தென்பட்டால் பூஞ்சையாக இருக்க வாய்ப்பு அதிகம். கண்ணை மட்டும் நம்பி உறுதியாகச் சொல்லிவிட முடியாது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். தண்டு குழகுழத்துத் துர்நாற்றம் வீசினால் மட்டும் ஐயத்துக்கு அதிக இடமில்லை: அது பெரும்பாலும் பாக்டீரியா அழுகல்தான். டிரசீனா செடியின் இலை நுனி கருகுவது பல நேரங்களில் நோயே அன்று, நீரிலுள்ள ஃபுளோரைடின் விளைவு. டைபன்பேக்கியா செடியின் இலையில் தேமல் படர்ந்து இலை நெளிந்தால் அது வைரஸாக இருக்கலாம். அதற்கு மருந்து கிடையாது, அசுவினிப் பூச்சி மற்ற செடிகளுக்குக் கொண்டுபோகும் முன் அகற்றிவிடுவதே வழி.

மருந்துப் புட்டியை அவசரமாகத் திறப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பலரும் எல்லாவற்றுக்கும் தெளிக்கும் கார்பென்டாசிம் என்ற பூஞ்சைக்கொல்லி, பித்தியத்தின் மீது வேலை செய்யாது. ஏனெனில் பித்தியம் உண்மையான பூஞ்சை இனத்தைச் சேர்ந்ததன்று. அதற்கு மெட்டலாக்சில் போன்ற வேறு மருந்து தேவை. இலைப்புள்ளிக்கோ, இலையை நனைக்காமல் மண்ணில் நீர் ஊற்றுவதும், செடிகளுக்கிடையே காற்றோட்டம் விடுவதும் எந்தத் தெளிப்பைவிடவும் அதிகம் காக்கின்றன.

என் அக்லோனிமாவுக்கு மருந்து தேடவில்லை. 70 சதவீத ஆல்கஹாலில் துடைத்த கத்தியால், பழுப்பு நிறம் முற்றிலும் மறையும் இடம்வரை தண்டை மேல்நோக்கி அரிந்துகொண்டே போய், எஞ்சிய நுனியைப் புதிய மண்கலவையில் ஊன்றினேன். பழைய கலவை குப்பைக்குப் போயிற்று. தொட்டியைக் கழுவி, ஒரு பங்கு பிளீச்சும் ஒன்பது பங்கு நீரும் கலந்து ஊறவைத்திருக்கிறேன்.